கேசியாவின் முதல் பீட்டும் மிஷன் காம்பவுண்டும்

சித்தூர் மிஷன் காம்பவுண்டில் கேசியா யார் என்று போன வருஷம் கேட்டிருந்தால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். சர்ச்சில் மணி அடிக்கிற ஞானசிங்கின் மகள். மாம்பழக் கூழ் ஃபேக்டரி லேபில் வேலை. வயசு முப்பத்துமூன்று, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இந்தக் கடைசிச் சேதியைச் சொல்லும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவார்கள். ஒரே கேட்டுக்குள் பிறந்து வளர்ந்த பெண்ணைப் பற்றி நாற்பது குடும்பத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்றால் ஆத்திரம் வருமா வராதா?

அவர்களுக்குத் தெரியாதது என்னவென்றால், கேசியா எட்டு மாசமாக ஃபேக்டரி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் ஹிப் ஹாப் பீட் போட்டுக்கொண்டிருந்தாள். ராப் பாடுகிறவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவான் அல்லவா, அவன் பேச்சு கீழே விழாமல் தாங்குகிற தாளமும் சத்தமும் சேர்ந்த தரைதான் பீட். அந்தத் தரையை இவள் இரண்டு கட்டை விரலால் போட்டுக்கொண்டிருந்தாள். காதில் வயரைப் பார்த்த பக்கத்து சீட்டு அம்மாக்கள் பிரசங்கம் கேட்கிறாள் என்று நினைத்து, நல்ல பெண் என்று சர்ட்டிபிகேட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் மறுக்கவில்லை.

போன் போதவில்லை என்று ஆனதும் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனாள். அங்கே நிதின் என்று ஒருவன், லீலா மஹால் சர்க்கிள் பக்கம் ஒரு மாடியில் ரெக்கார்டிங் ரூம் வைத்திருந்தான். காலையில் பெருமாள் பாட்டு, மத்தியானத்துக்கு மேல் காலேஜ் பிள்ளைகளின் ராப் என்று அவன் பிழைப்பு இரண்டு பக்கமும் ஓடியது. பழைய சாமான் வாங்கி விற்பதும் உண்டு. அவன் போடுகிற வீடியோக்களைப் பார்த்துத்தான் கேசியா தேடிக்கொண்டு போனாள்.

"அக்கா, கடைக்குள்ள வந்துட்டா எல்லாத்தையும் வாங்கத்தான் தோணும். முதல்ல உங்ககிட்ட இன்னா இருக்குது, அத சொல்லுங்க" என்றான் நிதின்.

"ஒரு பழைய லேப்டாப் இருக்குது. எட்டு ஜிபி ரேம்."

"சாலு அக்கா, அதுவே போதும். இந்த பேட் ஒண்ணு எடுத்துக்குங்க, பதினாறு பொத்தான். எந்த சத்தம் வேணுமோ பொத்தான்ல போட்டுக்கினு வெரலால அடிக்க வேண்டியதுதான். அப்பறம் இந்த சின்ன சவுண்டு கார்டு. நல்ல ஹெட்போன் ஒண்ணு. முடிஞ்சுது."

"ஸ்பீக்கர்?"

"இப்ப வேணாம். ஸ்பீக்கர் வாங்கினா ரூமை சரி பண்ணணும். சுவத்துல மோதி திரும்பி வர சத்தம் பொய் சொல்லும். ஒரு வருஷம் ஹெட்போன்லயே வேலை செய்ங்க, காது பழகட்டும்."

நல்ல புத்திதான் சொன்னான். ஆனால் மூலையில் யாரோ விற்றுவிட்டுப் போன ஸ்டுடியோ ஸ்பீக்கர் ஜோடி ஒன்று கறுப்பாக உட்கார்ந்திருந்தது. நிதின் சும்மா காட்டுவதற்காக ஒரு பீட்டை ஓடவிட்டான். அடிச் சத்தம் வந்து கேசியாவின் நெஞ்செலும்பில் முட்டியது. எட்டு மாசமாகக் காதுக்குள் கொசு மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று உடம்பு முழுக்க இறங்கியதும் அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்காமல் அவள் வாங்கிய முதல் பொருள் அந்த ஸ்பீக்கர்கள்தான்.

கிளம்பும்போது நிதின் இன்னொன்றும் சொன்னான். "எல்லாரும் நெட்ல கிடைக்கிற சத்தத்தையே போட்டுக்கினு இருக்காங்க அக்கா. கேட்டு கேட்டு போர் அடிச்சிடுச்சு. உங்க ஊர் சத்தம் எதனா கொண்டாங்க. நல்லா இருந்தா இங்க பாடற பசங்களுக்கு நானே வாங்கிக்கறேன்."

பெட்டிகளோடு அவள் ஆட்டோவில் வந்து இறங்கியபோது கேட்டருகே ஸ்டான்லி சார் நின்றிருந்தார். அங்கேதான் வினை. ஸ்டான்லி சார் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், சர்ச் கமிட்டி செக்ரட்டரி, ஞானசிங்குக்குப் பக்கத்து வீட்டுக்காரர். சத்தம் என்றால் அவருக்கு ஆகாது. அவர் வீட்டில் டிவி கிடையாது, ரேடியோ கிடையாது. குக்கர் விசில் அடிப்பதற்குள் அவர் மனைவி கிரேஸ் அத்தை எங்கிருந்தாலும் ஓடிவந்து அடுப்பை அணைப்பார். அந்த அத்தை ஒரு காலத்தில் சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவராம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நின்றுபோனது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அந்த வீட்டில் யாரும் எதையும் கேட்பதில்லை.

ஸ்டான்லி சார் கேசியாவிடம் பேசவில்லை. பெட்டி மேல் இருந்த ஸ்பீக்கர் படத்தைப் பார்த்துவிட்டு நேரே ஞானசிங்கிடம் போனார்.

"ஞானசிங்கு, நீ இருக்கறது கோயில் வீடு. வாடகை வீடு இல்ல. இங்க மேளம் கொட்டினா கமிட்டில வெப்பேன். அப்பறம் வீட்டைக் காலி பண்ணணும்னு வந்தா என்னை சொல்லக் கூடாது."

ஞானசிங் நடுங்கிப்போனார். முப்பது வருஷமாக அந்த மணிக்கயிற்றை இழுத்ததற்குக் கிடைத்த கூலி சொற்பம், கிடைத்த கூரை அந்த இரண்டு அறை. மகளிடம், "காதுல மாட்டிக்கினு இன்னா வேணா பண்ணு, வெளிய சத்தம் மட்டும் வரக் கூடாது" என்றார். ஸ்பீக்கர் பெட்டியை அவள் பிரிக்கவே இல்லை.

இரண்டு வாரம் போனது. ஸ்டான்லி சாருக்கு நெஞ்சுவலி வந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்றார்கள். தம்பி மகன் திலீப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டார். "உனக்கு அங்க இன்னா வேலை, வீட்டைப் பாத்துக்கோ" என்று கிரேஸ் அத்தையை விட்டுவிட்டுப் போனார்.

மனிதர் படுத்துக் கிடக்கிறாரே என்று கேசியாவுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் பக்கத்து வீடு காலியாக இருக்கிற மாதிரி ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதி தப்பு என்றும் தெரிந்தது. தெரிந்தே வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்பீக்கர் பெட்டியைப் பிரித்தாள். ஃபேக்டரியில் சீசன் முடிந்து வேலை இல்லாத நாள். அவள் நைனா ஞானசிங் கரண்ட் பில் கட்டக் கடைவீதிக்குப் போயிருந்தார்.

மேஜையில் இடம் இல்லை. இரண்டு ஸ்பீக்கரையும் ஜன்னல் திண்டில் தூக்கி வைத்தாள். புழுக்கம் தாங்காமல் ஜன்னல் கதவுகளையும் திறந்து வைத்தாள். நிதின் பார்த்திருந்தால் அழுதிருப்பான்.

ஊர்ச் சத்தம் கொண்டுவரச் சொன்னானே, அவளும் கொண்டுவந்திருந்தாள். ஃபேக்டரியில் காலி டிரம் உருட்டுகிற சத்தம், லேப் கண்ணாடிக் குழாய்கள் உரசுகிற சத்தம், பிறகு ஞாயிற்றுக்கிழமை நைனா அடித்த சர்ச் மணி. ஞாயிற்றுக்கிழமை மணி கடகடவென்று விடாமல் அடிக்கும். அதை மணிக்கூண்டுக்குக் கீழே நின்று போனில் பிடித்து, அதிலிருந்து ஒரே ஒரு அடியை மட்டும் வெட்டி எடுத்து, சுருதியை இறக்கி, கனமாக்கி வைத்திருந்தாள். நாலு தட்டு ஒரு பார். பாருக்கு ஒரு மணி, முதல் தட்டில். ராப்பில் ஒரு சரணம் என்றால் பதினாறு பார். நாலு சரணத்துக்கு இடம் விட்டு பீட்டை முடித்திருந்தாள்.

டிரம் சத்தம், கண்ணாடிச் சத்தம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மணியை மட்டும் ஓடவிட்டாள். அந்த ஸ்பீக்கர் கனத்த சத்தத்தை எப்படித் தருகிறது என்று பார்க்கத்தான். டாங் என்று விழுந்து, நீண்டு, அது அடங்கும் நேரத்தில் அடுத்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. கேசியா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டு கடைசி அடிவரைக்கும் கேட்டாள். இதை நான் செய்தேன் என்று நினைக்கவே அவளுக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது.

மணி ஓய்ந்து ஒரு நிமிஷம் இருக்காது. வெளியே ஒரு பெண்பிள்ளை ஓவென்று அழுகிற சத்தம் கேட்டது.

கேசியா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஸ்டான்லி சார் வீட்டு வாசலில் இருபது பேர். இன்னும் ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். எதிர் வீட்டுக் கமலம்மா மாரில் அடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா ஆச்சு?"

"ஸ்டான்லி சார் போய்ட்டாரு கேசியா. மணி அடிச்சுதே, கேக்கல நீ? அறுபத்துநாலு. நான் எண்ணினேன்."

அந்தக் காம்பவுண்டு வழக்கம் அப்படி. யாராவது இறந்தால் மணி நிதானமாக, ஒவ்வொன்றாக விழும். இறந்தவருக்கு எத்தனை வயசோ அத்தனை அடி. முதல் அடி கேட்டதும் கிணற்றடியில் இருப்பவர்கள் வாளியைக் கீழே வைப்பார்கள், அடுப்படியில் இருப்பவர்கள் கையை எடுப்பார்கள். எண்ணி முடிக்கிறவரைக்கும் யாரும் பேசமாட்டார்கள். எண்ணி முடித்தால் யார் என்று தெரிந்துவிடும். அங்கே அறுபத்துநாலு வயசுக்காரர் ஒருவர்தான், அவர் வேலூரில் நெஞ்சுவலியோடு படுத்திருந்தார்.

கேசியாவும் நம்பினாள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அறைக்குள் என் சத்தத்தில் நிஜ மணி எனக்குக் கேட்காமல் போயிருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். ஐயோ, அங்கே ஒருத்தர் சாகும்போது இங்கே தலையாட்டிக்கொண்டிருந்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். செருப்புகூடப் போடாமல் கிரேஸ் அத்தையிடம் ஓடினாள்.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. இன்னொரு தரம் அடித்தது. அத்தை அசையவில்லை. அடுத்தடுத்து ஏழெட்டு விசில் அடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை. சுற்றி நின்ற பெண்கள், பாவம் அதிர்ச்சியில் உறைந்துபோய்விட்டார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கேசியா அவர் கையைப் பிடித்தாள். அவர் திருப்பி இறுக்கிப் பிடித்தார். கை வெதுவெதுப்பாக இருந்தது.

வாசலில் கமிட்டி மெம்பர் சம்பத் காரியத்தில் இறங்கிவிட்டிருந்தார். சவப்பெட்டிக்கு ஆள் அனுப்பியாகிவிட்டது. பாடி எப்போது வரும் என்று கேட்க வேலூருக்கு போன் போட்டார், திலீப் எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து கேட்டுக்குள் ஞானசிங் நுழைந்தார், கையில் கரண்ட் பில்.

"எங்க ஞானசிங்கு ஓடிட்ட? மணி அடிச்சுட்டு வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? யார் உனக்கு போன் பண்ணது?" என்று சம்பத் பாய்ந்தார்.

"மணியா? நான் எங்க மணி அடிச்சேன்? நான் இப்பதான் பஜார்ல இருந்து வரேன். கூண்டு பூட்டி இருக்குது, சாவி இதோ இடுப்புல இருக்குது."

அழுகை சட்டென்று நின்றுவிட்டது. அத்தனை பேரும் மணிக்கூண்டைத் திரும்பிப் பார்த்தார்கள். கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. "தானா அடிச்சுதா அப்ப?" என்று கமலம்மா மெதுவாகக் கேட்டாள். இரண்டு பேர் அங்கேயே முழங்கால் போட்டுவிட்டார்கள்.

அத்தையின் கையைப் பிடித்தபடி உள்ளே நின்றிருந்த கேசியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பதினாறு பார். நாலு சரணம். பாருக்கு ஒரு மணி. பெருக்கிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்வானேன். பிறகு வாசலுக்கு வந்தாள்.

"நைனா, அது நான்தான். மணி இல்ல. என் ஸ்பீக்கர்."

யாருக்கும் புரியவில்லை. எத்தனை சொல்லியும் புரியவில்லை. கடைசியில் அவள் வீட்டுக்குள் போய் அதை மறுபடி ஓடவிட்டாள். இரண்டு அடிதான் விட்டாள். திரும்பி வந்தபோது அவளைப் பார்த்த பார்வைகளை அவள் சாகிறவரைக்கும் மறக்கமாட்டாள். பிறந்ததிலிருந்து அவளைத் தூக்கி வளர்த்தவர்கள் அவளை யாரோ மாதிரிப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் சம்பத்தின் போன் அடித்தது. திலீப். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"இன்னா மாமா, பத்து மிஸ்டு கால்? பெரியப்பாதானே, இட்லி துன்னுக்கினு இருக்காரு. குடுக்கறேன்."

அடுத்து வந்தது ஸ்டான்லி சாரின் குரல்தான். "என்ன கூட்டம் அங்க? என் வீட்டுல எதுக்கு இவ்ளோ சத்தம்?"

செத்தவர் பேசுகிறார். கமலம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சம்பத் போனைக் கிரேஸ் அத்தையிடம் நீட்டினார். அத்தை அதை வாங்கி, "ஒண்ணும் இல்லீங்க" என்றார். பிறகு எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.

கூட்டம் கலையுமுன் சம்பத் தீர்ப்பு மாதிரி ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "ஞாயித்துக்கிழமை கமிட்டி இருக்குது. புருஷன் உயிரோட இருக்கறப்பவே சாவு மணி கேக்க வெச்சிருக்கீங்க அந்த அம்மாவை. அவங்க வாயால மன்னிச்சேன்னு சொன்னா பாக்கலாம். இல்லன்னா வீட்டைக் காலி பண்ணிடு ஞானசிங்கு."

ஞானசிங் மகளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. "முப்பது வருஷத்துல நான் தப்பா ஒரு மணி அடிச்சதில்ல" என்றார். பிறகு, "எல்லாத்தையும் கட்டு. நாளைக்கு திருப்பதியில குடுத்துட்டு வந்துடு" என்றார்.

கேசியா கட்டினாள். பேட், சவுண்டு கார்டு, ஸ்பீக்கர் ஜோடி, எல்லாவற்றையும் வந்த பெட்டிகளிலேயே போட்டுக் கயிறு சுற்றினாள். அழுகை வரவில்லை, அவமானத்தில் காது மட்டும் சுட்டது. முப்பத்துமூன்று வருஷத்தில் அவளுடையது என்று இருந்தது அந்த நாலு பெட்டிதான். ஒரு காலைப்பொழுதில் அதையும் தானே கெடுத்துக்கொண்டாள். இனி ஃபேக்டரி, வீடு, ஃபேக்டரி. வீடும் இருந்தால்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அவள் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில், கிரேஸ் அத்தை வந்தார். ஞானசிங் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். அத்தை, "கேசியாகிட்ட கொஞ்சம் பேசணும், நீங்க கொஞ்சம் வெளிய இருங்கண்ணா" என்றார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"அத்தை, எங்களை மன்னிச்சிடுங்க. நான் வேணும்னு பண்ணல."

"அறுபத்துநாலுன்னு எப்பிடி போட்ட?"

"அது பதினாறு பார் அத்தை. நாலு தடவை. சார் வயசை நான் நினைக்கவே இல்ல, ஆண்டவர் அறிய."

அத்தை தலையாட்டினார்.

"ஆபரேஷன் வேணாம்னுட்டாங்களாம். மாத்திரையே போதுமாம், இன்னும் இருபது வருஷம் நல்லா இருப்பாருன்னு டாக்டர் சொன்னாராம். செவ்வாய்க்கிழமை வராரு."

"ரொம்ப சந்தோஷம் அத்தை."

"அதுக்குள்ள கமிட்டி முடிஞ்சிடும். எனக்கு ஒரு வருத்தமும் இல்லன்னு நானே வந்து சொல்லிடறேன். வீட்டுக்கு ஒண்ணும் ஆவாது. நீ பொட்டிய பிரி."

கேசியாவுக்கு நம்ப முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். வியாழக்கிழமையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. "உங்களை எவ்ளோ பயப்பட வெச்சுட்டேன் அத்தை" என்றாள்.

"பயந்தேன்தான்" என்றார் கிரேஸ் அத்தை. குரல் எப்போதும் போலத் தணிந்தே இருந்தது. "அறுபது தாண்டினதும் உடம்பெல்லாம் நடுங்கிப் போச்சு. அறுபத்தொண்ணு, அறுபத்திரண்டுன்னு வெரல் விட்டு எண்ணிக்கினே இருந்தேன். அறுபத்திமூணுல நின்னுடப் போவுதேன்னு பயந்தேன்."

கேசியா பிடித்திருந்த கையை விடவும் முடியாமல், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவும் முடியாமல் நின்றாள். அத்தை தானே மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமைக்குள் வீட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.